மின்விசிறியை யார் மாற்றுவது?

வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பேச்சு வந்தால் ஏசியும் மொட்டைமாடி சோலாரும்தான் முதலில் வருகின்றன. சென்னை மேற்கு மாம்பலத்தில் அந்தப் பேச்சு அதிக தூரம் போகாது. ஆரிய கவுடா சாலையிலிருந்தும் லேக் வியூ சாலையிலிருந்தும் பிரியும் தெருக்களில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகள் ஏராளம். கட்டடத்துக்கு ஆறு வீடு, எட்டு வீடு. மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கேபிள் வயர் எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் யார் வீட்டுக்கு சோலார் தகடு வைப்பது என்று சங்கக் கூட்டத்தில் முடிவாவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். குடியிருப்பவர்களில் வாடகைக்காரர்கள் பலர். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்களும் பலர். இந்த வீடுகளில் இரவு பகலாகச் சுற்றுவது கூரை மின்விசிறி. அதை மாற்றுவது பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கரண்ட் பில்லில் வாட் எவ்வளவு முக்கியமோ, மணிக்கணக்கும் அவ்வளவு முக்கியம். 750 வாட் மிக்சியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அது தினம் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். ஹாலில் தினம் பதினாறு மணி நேரம் சுற்றும் பழைய 75 வாட் மின்விசிறி அதே இரண்டு மாதத்தில் 72 யூனிட் சாப்பிடும். டிவியை அணைத்த பிறகும் பத்து வாட் இழுத்துக்கொண்டிருக்கும் செட் டாப் பாக்ஸ், நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் 14 யூனிட்டைத் தின்றுவிடும். பழைய காப்பர் சோக் போட்ட டியூப்லைட்டுக்கு சோக்கையும் சேர்த்து 55 வாட். தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் 20 யூனிட்; அதே வெளிச்சத்துக்கு 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு 7 யூனிட்டில் முடித்துவிடும். விளக்கு விஷயத்தில் நாம் ஓரளவு தேறிவிட்டோம். மின்விசிறி மட்டும் அப்பா காலத்தில் மாட்டியது அப்படியே சுற்றுகிறது.

எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய மின்விசிறியின் மேல் கப்பை இறக்கினால் உள்ளே விரல் தடிமனில் ஒரு கன்டென்சர் இருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். காற்று குறைந்துவிட்டது என்று கூப்பிட்டால் அவர் மாற்றித் தருவது இதைத்தான். கீழே உள்ள மோட்டார், செம்புக் கம்பி சுற்றிய இண்டக்‌ஷன் மோட்டார். இரவு முழுக்க ஓடியதை நிறுத்திவிட்டு அதன் வயிற்றைத் தொட்டால் சூடாக இருக்கும். நாம் காற்றுக்காகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்தச் சூடாகப் போகிறது. சுவிட்ச் போர்டில் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் அங்கேயும் சூடு: ஒன்றாம் நம்பரில் வைத்தால் விசிறி மெதுவாகும், மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது.

பி.எல்.டி.சி. மோட்டார் வேறு வகை. சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தம். சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. 75 வாட் செய்த வேலையை 28 முதல் 35 வாட்டில் செய்துவிடும். வேகத்தைக் குறைத்தால் மின்சாரமும் கூடவே குறையும். இதை இந்தியாவில் வீட்டு மின்விசிறியாக முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தமிழ்நாடுதான் என்பதை நாமே மறந்துவிட்டோம். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இல் 35 வாட் ‘சூப்பர்ஃபேன்’ வெளியிட்டது. சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம், அதில் பழைய விசிறி உறுமிக்கொண்டே சுற்றியது. அதே பேட்டரியில் இரண்டு மடங்கு நேரம் ஓடும் விசிறி அப்போதே கோவையில் தயாராகிக்கொண்டிருந்தது.

2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். கடையில் ‘ஸ்டார் போட்டது சார்’ என்று சொன்னால் அதோடு நிற்கக் கூடாது. ஒரு நட்சத்திரம் போட்டதும் ‘ஸ்டார் போட்டது’தான். ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்ற எண் அந்த முத்திரையில் இருக்கும். 1200 மில்லிமீட்டர் விசிறியில் அது ஆறோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம். மொத்தக் காற்றின் அளவு 210 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாட் குறைந்து காற்றும் குறைந்தால், ஐப்பசிப் புழுக்கத்தில் வீட்டில் யாரும் அதை மன்னிக்க மாட்டார்கள்.

நல்ல பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். 75 வாட் விசிறியை இறக்கி 30 வாட் விசிறியை மாட்டினால், பதினாறு மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சம். எல்லா வீட்டிலும் இதே 43தான். ரூபாயில் அது வீட்டுக்கு வீடு மாறுகிறது. அந்த மாற்றம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

2022 செப்டம்பர் 10இல் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 உயர்வில் பைசாக்கள் ஏறினவே தவிர அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு, யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25 சலுகை பறிபோகும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50, ஐந்நூறுக்கு மேற்பட்டவை எட்டு ரூபாயில் தொடங்கும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டும் வீடு, ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958 ரூபாய் கட்டும்.

இந்தக் கட்டணத்தில், சித்திரை, வைகாசியில் 530 யூனிட் ஓடிய வீடு 2,190 ரூபாய் கட்டும். ஹால் விசிறி ஒன்றை மட்டும் மாற்றி 487க்கு இறங்கினால் பில் 1,647 ரூபாய். ஒரு விசிறியில், ஒரு பில்லில், 543 ரூபாய். 350 யூனிட் வீட்டில் அதே விசிறி 194 ரூபாய் மிச்சப்படுத்தும். 150 யூனிட் வீட்டில் 97 ரூபாய். விசிறிக்குப் போட்ட மூவாயிரம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். ஒற்றை அறையில், ஒரு விசிறியும் ஒரு விளக்குமாக 90 யூனிட்டில் வாழும் முதியவருக்கோ மிச்சம் ஒரு காசும் இல்லை. அவருக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம்.

அவர் பழைய விசிறியை மாற்றவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மூவாயிரம் ரூபாய் செலவழித்து அவர் அடையும் லாபம் எதுவுமில்லை. ஆனால் அவர் வீட்டிலும் 43 யூனிட் மிச்சமாகத்தான் செய்கிறது. அது யார் பையில் சேர்கிறது? இலவச யூனிட்டுக்கான பணத்தை மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுப்பது தமிழக அரசு. 4.50 வீதம் பார்த்தால், அந்த ஒரு விசிறியில் அரசுக்கு ஆண்டுக்கு 1,160 ரூபாய்க்கு மேல் மிச்சம். மூன்று வருடத்துக்குள் விசிறியின் முழு விலையும் கஜானாவுக்குத் திரும்பிவிடும். விசிறி அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். 150 யூனிட் வீட்டில் மிச்சத்தில் பாதி குடும்பத்துக்கு, பாதி அரசுக்கு. ஆகவே 200 யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்குப் புது மின்விசிறியை வாங்கித் தர வேண்டியது அரசுதான். இதில் தயவு எதுவுமில்லை. லாபம் யாருக்கோ, முதலீடும் அவருடையதாக இருக்கட்டும் என்கிறேன்.

இப்படிக் கொடுத்துப் பழக்கமில்லாத அரசும் அல்ல இது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று கொடுக்கப்பட்டவை சாதாரண மேசை விசிறிகள். கோவையிலிருந்து 35 வாட் விசிறி வந்தது அடுத்த வருடம். திட்டமோ அதன் பிறகும் சில ஆண்டுகள் நடந்தது. அந்தப் பெரிய கொள்முதலில் ஒரு பகுதியையாவது புதிய மோட்டாருக்குத் திருப்பியிருந்தால், அதன் விலை பத்து வருடம் முன்பே இறங்கியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். எல்.இ.டி. பல்பில் அதுதான் நடந்தது. ஒன்றிய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. 2023 நவம்பரில் அதே நிறுவனம் ஒரு கோடி மின்விசிறிகளுக்கான திட்டத்தையும் அறிவித்தது. தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வாடகை வீடுகளின் கதை இன்னும் சிக்கல். விசிறி வீட்டுக்காரருடையது, பில் குடித்தனக்காரருடையது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விசிறியை மாட்டும் வீட்டுக்காரருக்கு அது எத்தனை யூனிட் இழுத்தால் என்ன? அதைவிடக் கொடுமை சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலையாக வசூலிக்கும் வீடுகளில், அரசு தரும் இலவச நூறு யூனிட் குடித்தனக்காரரின் கண்ணில்கூடப் படுவதில்லை. அப்படி எட்டு ரூபாய் கொடுப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சொந்தமாக ஒரு நல்ல விசிறி வாங்கி மாட்டுங்கள், வீட்டுக்காரரின் விசிறியைத் துடைத்துப் பரணில் வையுங்கள், காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போங்கள். 43 யூனிட்டுக்கு 344 ரூபாய். ஒன்றரை வருடத்தில் கணக்கு நேராகிவிடும்.

மாடிப்படி விளக்குக்கும் இதே கணக்கு. பொது மீட்டரில் இலவச யூனிட் கிடையாது. 2023இல் பத்து வீடுகளுக்கு மிகாத, லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத குடியிருப்புகளுக்கு மட்டும் அந்தக் கட்டணத்தை அரசு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. மற்றவை எட்டு ரூபாய்க்கு மேல். விடிய விடிய எரியும் மாடிப்படி பல்புக்கு, ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு சங்கத்துக்கு நல்ல முதலீடு.

பி.எல்.டி.சி. விசிறியிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கன்டென்சர் போனால் தெருமுனை எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றுவார். எலக்ட்ரானிக் போர்டு போனால் கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். மின் அழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் அது போகவும் செய்யும். வாரண்டி எத்தனை வருடம், போர்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குவது நல்லது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் ரிமோட்டில் மட்டும் இயங்கும் விசிறி வேண்டாம். நள்ளிரவில் குளிர் எடுத்தால் கட்டிலடியில் ரிமோட்டைத் தேட வைக்கக் கூடாது. சுவரிலிருந்தே வேகத்தை மாற்றக்கூடிய மாடல்கள் இருக்கின்றன, கேட்டால் காட்டுவார்கள். ஐ.டி.ஐ.களில் இந்தப் போர்டைப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் பாதி பயம் தீரும்.

ஏசி வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட், வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. சென்னையில் தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 2,900ஐத் தாண்டும். அப்படி ஓட்டும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் லாபம், விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறைக்கு மூன்று போதும். பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன்னே தாராளம்.

‘பவர் சேவர்’ என்று பிளக்கில் செருகும் பெட்டியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு கன்டென்சரும் மினுக்கும் விளக்கும். வீட்டு மீட்டர் பதிவு செய்யும் யூனிட்டை அது குறைக்காது. ஓய்வூதியக்காரர்களிடம் இதை விற்பது மோசடி.

விசிறியை மாற்ற ஆள் வரும் நாளிலேயே வயரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய குடியிருப்புகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் வயர் இருக்காது. பீங்கான் ஃபியூசில் யாரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். வயர் தீப்பிடித்தாலும் அந்த ஃபியூஸ் போகாது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டும் செலவு உயிருக்கான செலவு, மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. 2021 நவம்பர் மழையில் தி.நகரும் மேற்கு மாம்பலமும் தண்ணீரில் நின்றன. தரைத்தளத்தில் இடுப்பு உயரத்தில் மீட்டர் போர்டு வைத்திருக்கும் கட்டடங்கள் அதை இன்னும் ஏற்றாமல் இருந்தால், சங்கத்தின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

அரசு என்ன செய்யலாம் என்பது கடினமான கேள்வி அல்ல. எந்த இணைப்பில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது மின்வாரியத்தின் கையிலேயே இருக்கிறது. கடைசி ஆறு ரீடிங்கிலும் 200 யூனிட்டைத் தாண்டாத இணைப்புகளை எடுத்து, இணைப்புக்கு ஒரு ஐந்து நட்சத்திர விசிறி கொடுக்கலாம். பழையதைக் கட்டாயம் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த அறையில் சுற்றும். 200க்கும் 500க்கும் இடையில் உள்ளவர்களுக்கு, விலையைத் தவணையாகப் பிரித்து மின் கட்டணத்தோடு வசூலிக்கலாம். தி.நகரில் முன்னோட்டமாக ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அங்கேயும் தண்டவாளத்தின் இந்தப் பக்கம் உள்ள மேற்கு மாம்பலத் தெருக்களிலும் ஒரு கோடைக்கு இதைச் செய்து பார்க்கலாம். விசிறி மாற்றுவதற்கு முன் எத்தனை யூனிட், பின் எத்தனை யூனிட், அரசின் மானியத்தில் எவ்வளவு குறைந்தது என்ற மூன்று எண்களை வெளியிட்டால், மாநிலம் முழுக்கக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதைச் சட்டமன்றம் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.