ஆடுகளமும் அமெரிக்கக் கல்லூரியும்



புதுவையில் கடல் கடந்த படிப்பு என்றால் பிரான்சு தேசமே முன்பெல்லாம் நினைவுக்கு வரும். இன்று அமெரிக்காவின் பெயரும் அதனோடு சேர்ந்து கேட்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே வளரும் பிள்ளை, "எனக்கு நன்றாக ஓடத் தெரியும், அதைக் கொண்டு அங்கே படிக்க முடியுமா?" என்று கேட்டால் என்ன விடை சொல்வோம்? முடியும் என்பதே விடை. ஆயினும் வழி அறிந்து நடத்தல் வேண்டும். வழி அறியாத இல்லங்களின் நகையும் நிலமுமே தரகர் கைக்குப் போகின்றன.

முன்சென்றோர் நம்மவரில் உண்டு. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 ஆகிய ஈராண்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் டென்னிஸ் ஒற்றையர் பட்டத்தை வென்றார். தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர் தேஜஸ்வின் சங்கர், உயரம் தாண்டும் திறமையால் 2017-இல் உபகாரச் சம்பளத்துடன் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார். சென்னை ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார்.

இவர்கள் சென்ற வாயில்கள் ஒரே தன்மையன அல்ல. வர்ஜீனியா, கான்சஸ் போன்றவை விளையாட்டுக்கென்றே உபகாரச் சம்பளம் அளிக்கலாம். கொலம்பியா, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களோ, 1954-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, விளையாட்டுக்காக ஒரு காசும் தருவதில்லை. குடும்பத்தின் வருவாயைக் கணக்கிட்டு, தேவைக்கேற்பவே உதவுகின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை அயல்நாட்டு மாணவர் உதவி கேட்பதை அவருக்கு எதிராக எண்ணுவதில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டேமும் 2024-இல் இவ்வாறே அறிவித்தது. வேறு பல கல்லூரிகள் அதையும் எடைபோட்டே இடமளிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கல்லூரியையும் தனித்தனியே கேட்டறிதல் அவசியம்.

அடுத்து, பயிற்சியாளர் பரிந்துரைக்கலாமேயன்றி இடமளிக்க இயலாது. முடிவு சேர்க்கை அலுவலகத்துடையது. அவர் வாய்மொழியாகச் சொல்லும் இனிய சொல்லை வாக்குறுதி என்று கொண்டு, மற்றக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடலாகாது. பதினோராம் வகுப்பிலேயே பிள்ளை தன் கையால் பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதட்டும். அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஓடிய நேரம், தாண்டிய உயரம், விளையாடும் ஒளிப்பதிவு, ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள் ஆகியவற்றை இணைக்கட்டும். கபடியும் கிரிக்கெட்டும் அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் போட்டிகளில் இல்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம். தொழில்முறை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுமுன் அச்சங்கத்தின் விதிகளைப் படித்தறிய வேண்டும்.

"பணம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை. 2019-இல் அமெரிக்காவையே உலுக்கிய வழக்கை எண்ணிப் பாருங்கள். செல்வந்தர் சிலர் ஒரு தரகருக்குப் பெரும் பணம் கொடுத்தனர். அவர் பயிற்சியாளர்களுக்குக் கைக்கூலி அளித்து, ஆடுகளத்தையே மிதியாத பிள்ளைகளையும் விளையாட்டு வீரர்களாகக் காட்டினார். ஐம்பது பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பெற்றோர் பலர் சிறை சென்றனர். தரகருக்கு 2023-இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிள்ளைகள் அடைந்த தலைகுனிவுக்குக் கணக்கேது? நம்மிடையே அத்தகைய செல்வமில்லை. ஆனால் ஓடிய நேரத்தில் அரை வினாடியைக் குறைத்து எழுதும் சிறு பொய்யும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

உபகாரச் சம்பளம் கிடைத்தால், அது எத்தனை ஆண்டுக்கு, காயமுற்றால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பாக, பிள்ளையை அருகில் அமர்த்தி ஒன்றைக் கேளுங்கள்: "நாளை உன் கால் ஒடிந்து, இனி ஓடவே இயலாது என்றாலும், இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புவாயா?" ஆம் என்று தயங்காமல் சொன்னால் விண்ணப்பத்தை நிரப்பலாம். தயங்கினால், வேறு கல்லூரியைத் தேடுவதே நல்லது. ஓட்டம் சில ஆண்டுகளில் நின்றுவிடும். கற்ற கல்வியே பின்னர் அப்பிள்ளைக்குச் சோறு போடும்.