எக்ஸ்பாக்ஸ் போனால் யாருக்கு நஷ்டம்?

கன்சோல் சந்தையில் பெரிய கடைகள் மூன்று: நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட். ஒருவர் கடையைக் கட்டியே ஆக வேண்டுமென்றால் யார் போகலாம்? சந்தேகமென்ன, மைக்ரோசாஃப்ட்தான்!

நிண்டெண்டோவை மூடினால் ஸெல்டா போச்சு. சோனியை மூடினால் ஆஸ்ட்ரோ பாட் போச்சு. இரண்டும் வேறு கன்சோலில் கிடைக்காது. எக்ஸ்பாக்ஸின் சரக்கோ ஏற்கெனவே எதிர்க்கடையில் விற்கிறது. 2024-ல் ‘சீ ஆஃப் தீவ்ஸ்’, 2025-ல் ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 5’ இரண்டும் பிளேஸ்டேஷன் 5-க்குப் போய்விட்டன. அப்புறம் அந்தப் பெட்டி எதற்கு?

2002-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் லைவ் கன்சோலில் ஆன்லைன் ஆட்டத்தைப் பரப்பியது, மறுப்பதற்கில்லை. அந்த வித்தையை மற்ற இருவரும் எப்போதோ கற்றாயிற்று.

மூன்றாவது ஆள் இருந்தால்தான் விலை அடங்கும் என்பது காமர்ஸ் பாடம். நடந்தது என்ன? 2025-ல் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் விலையை மைக்ரோசாஃப்டே இரண்டு முறை ஏற்றியது. விலையையும் அடக்காத, தனிச்சரக்கும் இல்லாத கடைக்கு யார் அழப்போகிறார்கள்?