பழைய கணினி மெயிலுக்கு ஆகாதா?

"இதுல இனிமே மெயிலெல்லாம் பார்க்க முடியாது சார், எடைக்குப் போட்டுடுங்க." கணினி பழுதுபார்க்கும் கடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு தவறானது. நன்றாக ஓடும் இயந்திரங்களைக் குப்பைக்கு அனுப்புவதும் இதுதான்.

மெயிலுக்கு வேண்டியது என்ன? 1982இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறைதான் இன்றும் அடித்தளம். அனுப்பும் கணினி தன் பெயரைச் சொல்கிறது, யாரிடமிருந்து, யாருக்கு என்கிறது, கடிதத்தை அனுப்புகிறது, தனி வரியில் ஒரு புள்ளி வைத்து முடிக்கிறது. எல்லாமே வெறும் எழுத்து. 80 பத்தி, 25 வரி கொண்ட எழுத்துத் திரையை நிரப்ப, நிறங்களையும் சேர்த்து 4,000 பைட் போதும். நூற்றுக்கணக்கான மெகாபைட்டை விழுங்குவது பிரவுசரும் அதில் ஓடும் அலங்காரமும்தான். அந்தச் சுமைக்குப் பழைய கணினியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

1995இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது மலிவான ஷெல் கணக்கு வாங்கிய மாணவர்கள் எழுத்துத் திரையில்தான் மெயில் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்திய பைன் என்ற மெயில் மென்பொருள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் பிறந்தது. அதன் வாரிசான ஆல்பைனைத்தான் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். எந்த விசை என்ன செய்யும் என்று திரையின் கடைசி இரண்டு வரிகளில் எப்போதும் எழுதியிருக்கும். கடிதம் எழுத எடிட்டரும் உள்ளேயே உண்டு. மட் என்ற இன்னொரு மெயில் மென்பொருள் இன்னும் வளைந்துகொடுக்கும், ஆனால் அமைப்புக் கோப்பை நாமே எழுதிப் பழக வேண்டும். இரண்டுமே கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டாது, நம்மை வேவு பார்க்கும் படங்களையும் தானாக இறக்காது.

தமிழ்க் கடிதம் மட்டும் உண்மையான இடைஞ்சல். விஜிஏ எழுத்துத் திரையில் ஒரே நேரத்தில் 512 வடிவங்களுக்குமேல் இடமில்லை. கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. அதை மறைத்து யாரிடமும் ஆல்பைனைப் பரிந்துரைக்கக் கூடாது.

இன்னொரு நம்பிக்கையையும் கண்டிக்க வேண்டும்: சின்ன மென்பொருள் என்றால் போதும் என்பது. தொண்ணூறுகளின் டாஸ் மென்பொருளைத் தேடிப் போட்டுவிட்டு, லாகின் ஆகவில்லை என்று கணினியைத் திட்டுகிறவர்கள் பலர். தடை பூட்டில், அதாவது இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையிலும் லாகின் முறையிலும் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் 2021இல் கைவிடப்பட்டன. 2022 முதல் ஜிமெயில் படிப்படியாக வெறும் பாஸ்வேர்டை வெளி மென்பொருள்களிடம் ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆப் பாஸ்வேர்டோ ஓஆத் அனுமதியோ வேண்டும். ஆகவே மென்பொருளின் அளவைப் பார்க்கும் முன் டிஎல்எஸ் 1.2 தெரியுமா என்று பாருங்கள். 486 அல்லது அதற்குப் பின் வந்த 32 பிட் கணினியென்றால் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டு, புதிய ஆல்பைனை நிறுவலாம்.

டாஸ் மட்டுமே ஓடும் 286இல் இந்தப் பூட்டைத் திறக்க முடியாதுதான். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆல்பைனை லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் வைத்து, சீரியல் கேபிளால் இரண்டையும் இணைத்து, 286இல் கெர்மிட் என்ற டெர்மினல் மென்பொருளை ஓட்டுங்கள். பூட்டு வேலை அங்கே நடக்கும். எழுத்து இங்கே வரும்.