0.000 என்பது பூச்சியம் அன்று

பூச்சியத்துக்கு அருகில் உள்ள இரண்டு எண்களில் எது பெரிது, எத்தனை மடங்கு பெரிது என்று சொல்லத் தெரியாமலே இந்நாட்டில் முனைவர் பட்டம் பெற்றுவிட முடிகிறது. இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்தத் துறையின் ஆய்வேட்டு அடுக்கையும் புரட்டினால் “பி-மதிப்பு = 0.000” என்ற வரி எதிர்ப்படும். அதன் கீழ் நெறியாளரின் கையொப்பம் இருக்கும். புறத்தேர்வாளரின் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

வேறுபாடே இல்லை என்று கொண்டால் இத்தகைய தரவு கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையே பி-மதிப்பு சொல்கிறது. அது பூச்சியம் என்று இத்தகைய சோதனைகள் சொல்வதில்லை. மென்பொருள் மூன்று தசம இடங்களோடு நின்றுவிட்டது, அவ்வளவே. 0.0005-க்குக் கீழே உள்ள அனைத்தும் அந்த மூன்று பூச்சியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 2,500இல் ஒன்று என்பதும் 0.000. 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவிக்கும் முன் செர்ன் ஆய்வாளர்கள் எதிர்பார்த்த ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்பதும் 0.000. ஒன்று மற்றொன்றைப் போல 1,400 மடங்கு.

இதே ஆய்வேடுகள் மறுபுறம் 0.049-க்கு உடுக்குறி சூட்டுகின்றன, 0.051-ஐப் புறந்தள்ளுகின்றன. அவ்விரண்டின் விகிதம் 1.04. ஏறக்குறைய ஒன்றாக இருப்பவை இரு வேறு உலகங்களாகின்றன. ஆயிரம் மடங்கு வேறுபடுபவை ஒன்றாகிவிடுகின்றன. இருபதில் ஒன்று என்ற எல்லையை 1925இல் ஃபிஷர் வசதிக்காகவே முன்வைத்தார். வசதி இன்று வேதமாகிவிட்டது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் கங்கைச் சமவெளியின் குழாய்க் கிணறுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக் மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் தோல் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாவது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் அதன் வழிகாட்டு அளவை லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின் 2012ஆம் ஆண்டுப் பதிப்போ, 0.01-ஐ ஏற்கத்தக்க அளவாக வைத்துக்கொண்டே, வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 0.05 வரை இடமளித்தது. பின்னரே அச்சலுகை நீக்கப்பட்டது. கழித்துப் பார்ப்பவருக்கு வேறுபாடு வெறும் 0.04. வகுத்துப் பார்ப்பவருக்கு ஐந்து மடங்கு நஞ்சு. ஆண்டுக்கணக்கில் அந்நீரைக் குடிக்கும் உடல் கழித்துப் பார்ப்பதில்லை.

முழுதாக்கல் செய்யும் கேடு இன்னும் நுட்பமானது. 0.014 என்ற அளவீட்டை இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கினால் 0.01 கிடைக்கும்; அட்டவணையில் “வரம்புக்குள்” என்று எழுதப்படும். உண்மையில் அது வரம்பைவிட 40 விழுக்காடு மிகுதி. பாதரசத்தின் வரம்பு 0.001. நீரில் 0.004 இருந்தால் அதே அட்டவணை 0.00 என்று காட்டும். வாசிப்பவர் “இல்லை” என்று புரிந்துகொள்வார். வரம்பைப் போல நான்கு மடங்கு நஞ்சு ஒரு தசம இடத்தின் சோம்பலால் மறைந்துபோகிறது. இதே எண்களை மைக்ரோகிராமில் எழுதினால் 10-க்கு எதிரே 14, 1-க்கு எதிரே 4. ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் தவறைக் கண்டுபிடிக்கும்.

கருவிக்கே அவ்வளவு துல்லியம் இல்லை என்பது வழக்கமான மறுப்பு. அது நேர்மையான மறுப்பாக இருந்தால் “0.002-க்குக் குறைவு” என்று எழுதட்டும். “இதற்குக் கீழே தெரியவில்லை” என்பது அறிவியல், “0.00” என்பது தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது. கருவியால் அளக்க முடியாத இலக்கங்களை 0.01437 என்று அடுக்குவதும் அதே பொய்யின் மறுபக்கம்தான். முக்கிய எண்ணுருக்களைப் பற்றிப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே கழற்றி வைக்கப்படுகிறது.

பிழையின் வேர் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறது. 0.0045-ஐயும் 0.012-ஐயும் காட்டினால், 45 பெரிது, 12 சிறிது என்று சொல்லும் மாணவர் எத்தனையோ பேர். பின்னமாக எழுதச் சொன்னால் ஐயம் தீரும்: பத்தாயிரத்தில் 45, பத்தாயிரத்தில் 120. பின்னத்தை ஒரு பாடமாகவும் தசமத்தை வேறொரு பாடமாகவும் கற்பித்து, இரண்டும் ஒரே அளவின் இரண்டு எழுத்துகள் என்பதைச் சொல்லாமல் விட்ட வகுப்பறைகள்தாம் பின்னாளில் 0.000 எழுதும் ஆய்வாளர்களை உருவாக்குகின்றன.

தீர்வுக்குப் புதிய ஆணையமோ புதிய மென்பொருளோ தேவையில்லை. சிறிய எண்களை ஒப்பிடுகையில் கழிப்பதோடு நில்லாமல் வகுத்துப் பார்க்க வேண்டும். வரம்பில் உள்ளதைவிட ஓர் இலக்கமேனும் கூடுதலாக அளக்க வேண்டும். அளக்க முடியாததை “இதைவிடக் குறைவு” என்று எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இந்த 0.000 எதைவிடச் சிறியது?” விடை சொல்ல முடியாத ஆய்வேடு, விடை கிடைக்கும்வரை மாணவரிடமே திரும்பிச் செல்லட்டும், நெறியாளரும் உடன் செல்லட்டும்.