பழைய மரீனாவுக்குப் புது ஷாக்: முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க!

"பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒண்ணுல ஆயில் கசியுது. அதை மட்டும் மாத்தினா போதுமா?" 2005 மாடல் டாடா இண்டிகோ மரீனா வச்சிருக்கிற திருவண்ணாமலை தம்பி ஒருத்தர் கேட்டார்.

போதாது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தளர்ந்ததுன்னா வளைவுல வண்டி சமமா நிக்காது. ஜோடியாத்தான் மாத்தணும்.

ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க. 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்பு 5 வருஷத்துக்குத்தான். 20 வருஷம் தாண்டினா கட்டணம் 10,000 ரூபாய்னு மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல உயர்த்திடுச்சு. புதுப்பிக்கப் போறதில்லையா? ஷாக்குக்கும் செலவு வேண்டாம், வண்டியைக் கொடுத்துடுங்க.

வச்சுக்கப் போறீங்களா? அப்போ ரீகண்டிஷன் வேண்டாம். மறுபடி கசிஞ்சா, கழற்றி மாட்டுற கூலி ரெண்டாவது தடவை. கம்பெனி ஷாக் ஜோடியா வாங்குங்க. மேல் மவுண்ட் ரப்பரையும் சேர்த்தே மாத்துங்க. இண்டிகாவோட பின் சஸ்பென்ஷன் வேற, அதனால 'மரீனா'ன்னு சொல்லியே கேளுங்க.

உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். அதை மிச்சம் பிடிக்க பில்லை விட்டா, வாரன்டி போச்சு.

மாத்துறதா, விக்கிறதா? எதுன்னாலும் இந்த மாசமே முடிவு பண்ணுங்க. கசியுற ஷாக்கோட குடும்பத்தை ஏத்திக்கிட்டு சென்னை போறது சிக்கனம் இல்ல.