வந்த பூச்சிக்குப் பதிவேடு எங்கே?

 

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுப் பின்புறம் தென்னை வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கீழ்மட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓலைக்கு அடியில் வெள்ளை மெழுகு வட்டம் வட்டமாக ஒட்டியிருக்கிறதா? மேல்பக்கம் கரி பூசின மாதிரி இருக்கிறதா? வண்டிப் புகைன்னு விட்டுடாதீங்க. அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சித் தோப்புகளில் கண்டார்கள். நம்ம தெருவுக்கு எந்த மாதம் வந்தது? நம்மில் யாராவது எழுதி வைத்தோமா?

"தேதி எழுதினா பூச்சி செத்துடுமா?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. கணக்கைக் கேளுங்கள்.

2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. நாமும் மருந்துக் கடைக்கு அழுதோம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். சில மாதத்தில் பூச்சி அடங்கியது. நடுவில் போன இரண்டு வருஷம் யார் தலையில் விழுந்தது?

2020-ல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி தெரிந்தது. அப்புறம் சேலம், நாமக்கல். அதை அடக்கும் குளவியை ஆப்பிரிக்காவில் 1981-லேயே விட்டு ஜெயித்துவிட்டார்கள். நமக்கு அது பெனின் நாட்டிலிருந்து 2021-ல் வந்து, 2022-ல்தான் வயலுக்கு வந்தது. வெளிநாட்டுக் குளவியைச் சோதிக்காமல் விடு என்று நாம் சொல்லவில்லை. சோதனைக்கு நாள் ஆகும், ஆகட்டும். ஆனால் விவசாயி பார்த்த நாளுக்கும் அதிகாரி வந்து பார்த்த நாளுக்கும் நடுவில் வீணாகும் நாளை ஏன் குறைக்கக் கூடாது?

மக்காச்சோளப் படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்து ஷிவமோகாவில் தெரிந்தது. அதே வருஷம் நம் காட்டிலும் புகுந்தது. அந்த அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும். காகிதம் மேசைக்கு மேசை நகர்ந்தால் அதைப் பிடிக்க முடியுமா?

நிவாரணம் கேட்டுப் போனால் என்ன கேட்கிறார்கள்? அடங்கல் எங்கே, எப்போது பாதிப்பு, யார் பார்த்தது? நம் கையில் தேதி இல்லை. வாயால் சொன்னது காற்றோடு போச்சு.

வெளியில் சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பான் என்று மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் மறைத்தால் பூச்சி பக்கத்துக் காட்டுக்குப் போகும், விலை அப்போதும் விழும்.

இதில் பட்டணத்துக்காரர்களுக்கு என்ன வேலை? துறைமுகம், விமான நிலையம், கோயம்பேடு மூன்றும் இங்கேதான். மீனம்பாக்கத்தில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. ஆனால் தெருவில் விற்கும் செடித் தொட்டிக்கு யார் காவல்? தியாகராய நகர் மாடியில் இருக்கும் செம்பருத்தியும் கொய்யாவும் எங்களுக்கு எச்சரிக்கை மணி. புதுசா ஒரு பூச்சி தெரிந்தால் செல்போனில் படம் எடுங்கள். தேதி, தெரு, செடி மூன்றையும் எழுதுங்கள். பார்த்த உடனே விஷ மருந்து அடிக்காதீர்கள். வெள்ளை ஈயைத் தின்னும் என்கார்சியா குளவியும் அதில் செத்துப் போகும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் புதுப்பூச்சிப் பதிவேடு வை! சென்னைக்கும் ஒன்று வை!
2. தகவல் சொன்னவருக்குத் தேதியிட்ட ரசீது கொடு! 7 நாளில் வயலுக்கு வா! மாதிரியை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பு!
3. சொன்னவர் பெயரையும் சர்வே எண்ணையும் வெளியிடாதே!
4. ரசீது தேதியை நிவாரணத்துக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்!

தோழர்களே, சேப்பாக்கம் எழிலகத்துக்கு மனு கொடுக்க வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். ஒரு நோட்டு, அதில் உங்கள் வயலில் பார்த்தது, பார்த்த தேதி. நூறு நோட்டு மேசை மேல் விழுந்தால், "எங்களுக்குத் தகவல் வரலை" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

பார்த்ததை எழுது! எழுதியதற்கு ரசீது வாங்கு!