கோல்ஃபுக்கும் ஒரு ‘டி20’ வருமா? 18 குழிகளைச் சுருக்கும் முயற்சிகள்

கோல்ஃபில் ஒரு முழுச் சுற்று என்றால் 18 குழிகள். ஆடி முடிக்கவே 4 மணி நேரம் ஆகிவிடும். மைதானத்துக்குப் போய் வரும் நேரத்தையும் சேர்த்தால் பாதி ஞாயிறு காலி. வேலை, டிராஃபிக், குழந்தைகள் என்று ஓடுபவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால்தான் ஆட்டத்தைச் சுருக்கும் முயற்சிகள் தொடர்கின்றன.

18 எங்கிருந்து வந்தது?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு சுற்று என்பது முன்பு 22 குழிகள். 1764-ல் சில குழிகளை ஒன்றாக்கியதால் அது 18 ஆனது. மற்ற இடங்கள் பின்னாளில் அதையே பின்பற்றின. 1860-ல் பிரெஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் போட்டி நடந்தபோதுகூட அங்கே இருந்தது 12 குழிகள்தான். அதையே 3 முறை சுற்றினார்கள். ஆக, 18 என்பது பழக்கத்தில் வந்த எண்தான்.

என்னென்ன முயற்சிகள்?

ஐரோப்பிய டூர் 2017-ல் ‘கோல்ஃப்சிக்ஸஸ்’ போட்டியைத் தொடங்கியது. நாட்டுக்கு 2 வீரர்கள், ஆட்டத்துக்கு 6 குழிகள். 2019-க்குப் பிறகு அது நடக்கவில்லை.

டைகர் வுட்ஸ், ரோரி மெக்கில்ராய் ஆகியோர் முன்னின்று உருவாக்கிய டிஜிஎல், ஜனவரி 2025-ல் ஃபுளோரிடாவில் தொடங்கியது. இது உள்ளரங்க ஆட்டம். வீரர்கள் பிரம்மாண்டத் திரையை நோக்கிப் பந்தை அடிப்பார்கள். 15 குழிகள், ஒரு ஷாட்டுக்கு 40 விநாடி, சுமார் 2 மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

லிவ் கோல்ஃப் ஏன் பின்வாங்கியது?

சவுதி பணத்தில் 2022-ல் வந்த லிவ் தொடரின் அடையாளமே 54 குழிகள். ரோமன் எண்ணில் ‘லிவ்’ என்றால் 54. வழக்கமான 4 நாள், 72 குழிகளுக்குப் பதிலாக 3 நாளில் போட்டியை முடித்தது.

ஆனால் அதற்குத் தரவரிசைப் புள்ளிகள் தர 2023-ல் உலகத் தரவரிசை அமைப்பு மறுத்தது. குழிகளின் எண்ணிக்கையைவிட, புதிய வீரர்கள் தகுதி பெற்று உள்ளே வரும் வழி குறுகலாக இருந்ததே பெரிய சிக்கல். புள்ளி இல்லையென்றால் தரவரிசை சரியும். மேஜர் போட்டிகளில் இடம் கிடைப்பதும் கஷ்டமாகும். கடைசியில் 2026 முதல் 72 குழிகளுக்கு மாறுவதாக லிவ் அறிவித்தது. நான்கு மேஜர்களும் 72 குழிகளில்தான் நடக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாதாரண ஆட்டக்காரர்களுக்கு என்ன லாபம்?

உண்மையான மாற்றம் இங்கேதான் நடக்கிறது. ஒருவரின் திறனைக் குறிக்கும் எண் ‘ஹேண்டிகேப்’. முன்பு 9 குழிகள் மட்டும் ஆடினால், இன்னொரு 9 குழி ஸ்கோர் வரும்வரை அது கணக்கில் சேராமல் காத்திருக்கும். 2024-ல் வந்த திருத்தத்தின்படி, மீதி 9 குழிகளுக்கு எதிர்பார்க்கப்படும் ஸ்கோரைச் சேர்த்து உடனே கணக்கிடுகிறார்கள். ஆபீஸ் முடிந்து 2 மணி நேரம் ஆடினாலும் அதற்கு மதிப்பு உண்டு.

டி20 போல ஆகுமா?

டி20-க்குத் தனி உலகக் கோப்பை இருக்கிறது. சர்வதேசத் தரவரிசையும் இருக்கிறது. குறுகிய கோல்ஃபுக்கு அப்படியொரு பெரிய மேடை இன்னும் அமையவில்லை. அது வரும்வரை, தொழில்முறை வீரர்களுக்கு 72 குழிகளே அளவுகோல். நேரமில்லாத மற்றவர்கள் 9 குழிகளோடு தாராளமாக வீடு திரும்பலாம்.